மெய்த்தளம் கண்ட விட்வொர்த்

தோற்றுவாய்

மக்கள் வாழ்வுக்கு வேண்டும் பொருள்களை ஆக்கித் தருவது தொழில். தொழிலுக்குத் துணை நிற்பது கருவி. தொழிலாளி எத்துணைக் கைத்திறம் வாய்ந்தவனாயினும், அவன் கையாளும் கருவி செம்மையுடையதாக இல்லையேல், அவன் செய்யும் பொருளும் செம்மையுறாது. வளைந்த கோலைக்கொண்டு நேர்கோடு இழுத்தல் இயலாது. கோணிய மூலைமட்டத்தைக்கொண்டு கதவுச் சட்டத்தைச் சதுரமாகப் பூட்டுதலும் இயலாது. ஆதலின், செம்மையான பொருளுக்குச் செம்மையான கருவி வேண்டும். அக்கருவியைச் செய்ய அதனினும் செம்மையான வேறொரு கருவி வேண்டும். இவ்வாறு பின்னோக்கிச் செல்லின், முதன்முதல் தோன்றிய செம்மையான கருவி எதனைக்கொண்டு செய்யப்பட்டது என்னும் வினா எழுகின்றது.

இது பொழுதுபோக்கிற்காக எழுந்த வினாவன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நீராவிப் பொறிகளும் நூற்பாலைகளும் பெருகத் தொடங்கிய காலத்தில், பட்டறை நடத்தியோரை எல்லாம் வருத்திய வினா இது. குற்றமுள்ள கருவிகளைக்கொண்டே குற்றமற்ற ஒரு தளத்தை ஆக்கலாம் என்று செய்து காட்டி, அம்முறையை யாவரும் அறிய எடுத்துரைத்தவர் ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலப் பொறிவல்லுநர். அவருடைய வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

ஜோசப் விட்வொர்த் 1803 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 21 ஆம் நாள், இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரை அடுத்துள்ள ஸ்டாக்போர்ட் என்னும் ஊரில் பிறந்தார். அவர் தந்தையார் சார்லஸ் விட்வொர்த் பள்ளியாசிரியர். சமயப் பணியும் ஆற்றி வந்தவர். ஜோசப் தொடக்கக் கல்வியைத் தந்தையாரிடமே பயின்றார். பின்னர் லீட்ஸ் நகருக்கு அருகிலுள்ள ஐடில் என்னும் ஊர்ப் பள்ளியில் கற்றார். அவருடைய பள்ளிப் படிப்பு அவ்வளவில் நின்றது. கல்லூரியில் பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

பதினான்காம் வயதில், டார்பிஷயரில் பருத்தி நூற்பாலை நடத்தி வந்த உறவினர் ஒருவரிடம் அவர் தொழில் பழக அனுப்பப்பட்டார். அக்காலத்தில் உலகின் பல பாகங்களில் விளைந்த பஞ்சு, மூட்டை மூட்டையாக இங்கிலாந்தின் ஆலைகளை நாடிச் சென்றது. கோவில்பட்டி, விளாத்திகுளம் முதலிய ஊர்களைச் சூழ்ந்த நம் கரிசல் நிலத்தார்க்குப் பஞ்சின் அருமை புதிதன்று. அப்பஞ்சை நூலாக்கி விற்றுப் பொருள் ஈட்டும் வாணிகத்தில் இளைஞரைப் பழக்குதல் வேண்டும் என்பதே உறவினர் கருத்து. ஜோசப்பின் உள்ளமோ நூலின் விலையில் ஈடுபடவில்லை; நூலை நூற்ற பொறிகளில் ஈடுபட்டது. ஆலையிலிருந்த ஒவ்வொரு பொறியின் இயக்கத்தையும் அவர் நுணுகி ஆராய்ந்தார். அவை யாவும் திருத்தமின்றிச் செய்யப்பட்டவை என்பதைக் கண்டார். நான்கு ஆண்டுகள் கழிந்தபின், ஆலையை விட்டு நீங்கி மான்செஸ்டர் நகரை அடைந்து, பட்டறைகளில் சாதாரணத் தொழிலாளியாக அமர்ந்தார். முதலாளியாதற்குரிய வழியை விடுத்துத் தொழிலாளியாகும் வழியைத் தாமே தேர்ந்துகொண்ட அச்செயல், அவர்தம் வாழ்க்கையின் திருப்புமுனையாயிற்று.

மாட்ஸ்லேயின் பட்டறை

1825 ஆம் ஆண்டில் விட்வொர்த் திருமணம் செய்துகொண்டார். அவ்வாண்டிலேயே இலண்டன் மாநகர் சென்று ஹென்றி மாட்ஸ்லே என்பாரின் பட்டறையில் வேலையில் அமர்ந்தார். மாட்ஸ்லே தாமும் வறிய நிலையிலிருந்து உயர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது வுல்விச் படைக்கலச் சாலையில் தோட்டாக்களில் மருந்து நிரப்பியவர். பின்னர் அங்குள்ள தச்சுப் பட்டறையிலும் கொல்லுப் பட்டறையிலும் பயின்றவர். திருகுகளைப் பிழையின்றி வெட்டும் கடைசல் எந்திரத்தைச் சீர்ப்படுத்திப் புகழ் பெற்றவர். அவருடைய பட்டறை, பொறித்தொழில் பயில விழைந்தார்க்கு ஒரு பல்கலைக்கழகம் போல் விளங்கிற்று.

அப்பட்டறையில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. தொழிலாளர்தம் வேலை மேடைகளில் சமனான உலோகத் தகடுகள் வைக்கப்பட்டிருந்தன. செய்த பொருளை அத்தகட்டின்மேல் வைத்து, அது மட்டமாக உள்ளதா என்று அவர்கள் அவ்வப்போது சோதித்துக்கொள்வர். மாட்ஸ்லேயிடம் நுண்ணளவைக் கருவி ஒன்றும் இருந்தது. அளவுபற்றிய வழக்கு எழுந்தால் இறுதித் தீர்ப்பு அளிப்பது அக்கருவியே. ஆதலால், நாட்டின் தலைமை நீதிபதிக்குரிய பட்டத்தை அதற்குச் சூட்டி, அதனை லார்டு சான்சலர் என்று அழைத்தனர். அளவிலும் மட்டத்திலும் இத்துணைக் கருத்துடைய ஆசானிடம் பயிலும் பேறு பெற்ற விட்வொர்த், ஒரு குறையை மட்டும் கண்டுகொண்டார். மேடைகளில் இருந்த அத்தகடுகள் பெரும்பாலும் மட்டமாக இருந்தன. முற்றும் மட்டமாக இல்லை.

இரண்டு பொருந்தினால் போதுமா?

இக்குறை எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய, நம் ஊர்த் தச்சர் ஒருவரின் செயலை முதலில் நோக்குவோம். கதவுக்கு இரண்டு பலகைகளை ஒட்டிச் சேர்க்க விரும்பும் தச்சர், அவற்றின் விளிம்புகளை இழைப்புளியால் இழைப்பார். இழைத்தபின் ஒரு பலகையின்மேல் மற்றொன்றை விளிம்போடு விளிம்பு பொருந்த நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். நடுவில் ஒளிக்கீற்றுத் தெரிந்தால், விளிம்புகள் குழிந்துள்ளன என்று அறிவார். இரண்டும் ஒரே இழைப்புளியால் ஒரே வகையாக இழைக்கப்பட்டமையால், ஒன்றிலுள்ள குழிவு மற்றொன்றிலும் இருக்கும். இரண்டு குழிவுகளும் எதிரெதிர் நிற்கும்போது, குற்றம் இருமடங்காகிக் கண்ணுக்குப் புலனாகும். ஒரு விளிம்பில் அரைமயிர் அளவாக மறைந்திருந்த பிழை, இரண்டு சேர்ந்தபோது ஒருமயிர் அளவாக வெளிப்படும்.

இரும்புத் தகடுகளின் நிலையோ வேறு. அவற்றை மட்டமாக்க விரும்பியோர், இரண்டு தகடுகளுக்கு இடையே குருந்தக்கல் பொடியைத் தூவி, ஒன்றன்மேல் ஒன்றை வைத்துத் தேய்த்தனர். நெடுநேரம் தேய்த்தபின் இரண்டும் இடைவெளியின்றிப் பொருந்தின. பொருந்தியதைக் கண்டு, இரண்டும் மட்டமாயின என்று எண்ணினர். அங்கேதான் பிழை புகுந்தது. ஒரு தகடு நடுவில் புடைத்தும் மற்றொன்று அதற்கேற்பக் குழிந்தும் இருப்பினும், அவை அழகாகவே பொருந்தும். கிண்ணத்தின் உட்புறத்தில் அதே அளவான மற்றொரு கிண்ணத்தின் புறம் பொருந்துவது போன்றது இது. அங்கே ஒளிக்கீற்றுத் தோன்றாது. ஆயினும் இரண்டும் குற்றமுடையனவே. இரண்டு பொய்ச்சான்றுகள் தம்முள் ஒத்துப்போவதனால் வழக்கு மெய்யாகிவிடாது. அதுபோல, இரண்டு தளங்கள் தம்முள் பொருந்துவதனால் அவை மெய்த்தளங்கள் ஆகிவிடா.

மூன்றாம் தகடு

இவ்விடர்ப்பாட்டை நீக்க வல்லது மூன்றாம் தகடு. முதல் தகடு புடைத்ததாகவும், அதனோடு பொருந்தும் இரண்டாம் தகடு குழிந்ததாகவும் இருப்பதாகக் கொள்வோம். இப்பொழுது மூன்றாவது தகடு ஒன்றை எடுத்து, அதனையும் முதல் தகட்டோடு பொருந்தச் செய்தால், அதுவும் குழிந்தே அமையும். பின்னர் இரண்டாம் தகட்டையும் மூன்றாம் தகட்டையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தால், இரண்டும் குழிந்தவையாதலின் நடுவில் பொருந்தாமல் நிற்கும். மறைந்திருந்த குற்றம், தச்சரின் பலகைகளிற்போல, இருமடங்காக வெளிப்படும். வெளிப்பட்ட குற்றத்தை இரண்டு தகடுகளிலும் பாதி பாதியாகத் திருத்தி, மீண்டும் முதல் தகட்டை அவற்றோடு ஒப்பிட்டுத் திருத்துதல் வேண்டும். இவ்வாறு மாறி மாறித் திருத்திக்கொண்டே சென்றால், குற்றம் படிப்படியாகத் தேய்ந்தொழியும். தகடுகளைத் திசைமாற்றித் திருப்பி வைத்தும் சோதித்தல் வேண்டும். இல்லையேல் முறுக்கலாக அமைந்த குற்றம் தப்பிவிடும். மூன்று தகடுகளுள் எவ்விரண்டை எவ்வாறு சேர்த்தாலும் பொருந்துமாயின், அவை மூன்றும் மெய்த்தளங்களாகவே இருத்தல் வேண்டும். வேறு எவ்வடிவமும் அச்சோதனையில் தேறாது.

விட்வொர்த் செய்த மற்றொரு சீர்திருத்தம், தேய்த்தலை நீக்கிச் சுரண்டலைக் கைக்கொண்டது. குருந்தக்கல் பொடி ஓரிடத்தில் மிகுதியாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் தங்கும். மேட்டையும் அரிக்கும், பள்ளத்தையும் அரிக்கும். எங்கே எவ்வளவு அரித்தது என்பதைத் தொழிலாளி அறிய மாட்டான். ஆதலின், விட்வொர்த் பொடியை அறவே விலக்கினார். ஒரு தகட்டின்மேல் எண்ணெயில் குழைத்த செந்நிறச் சாயத்தை மெல்லியதாகப் பூசி, மற்றொரு தகட்டை அதன்மேல் வைத்து மெல்ல அசைப்பார். மேடான இடங்களில் மட்டும் செந்நிறம் ஒட்டும். ஒட்டிய அவ்விடங்களைக் கூரிய சுரண்டுகருவியால் சிறிது சிறிதாகச் சுரண்டி நீக்குவார். பின்னர் மீண்டும் சாயம் பூசுவார், மீண்டும் சுரண்டுவார். தொடக்கத்தில் சில இடங்களில் பெரும் புள்ளிகளாகத் தோன்றிய செந்நிறம், வேலை முற்ற முற்றத் தகடு முழுவதும் நெருங்கிய சிறு புள்ளிகளாகப் பரவும்.

விட்வொர்த்துக்கு அடுத்த மேடையில் வேலை செய்தவர் ஹாம்ப்சன் என்னும் கைதேர்ந்த தொழிலாளர். இம்முயற்சி நிறைவேறாது என்பதே அவர் எண்ணம். 1830 ஆம் ஆண்டளவில் விட்வொர்த் தாம் முடித்த தகடுகளை அவருக்குக் காட்டினார். ஒரு தகட்டின்மேல் மற்றொன்றை மெல்ல வைத்தபோது, இடையே சிக்கிய காற்றின்மேல் அது மிதந்து வழுக்கியது. அக்காற்று வெளியேறும்படி அழுத்தியபின், மேல் தகட்டைத் தூக்க, கீழ்த் தகடும் உடன் எழுந்தது. பசையும் இல்லை, காந்தமும் இல்லை. ஹாம்ப்சன் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

இக்கலைக்கு உரிய புகழில் ஆசானாகிய மாட்ஸ்லேக்கும் பங்குண்டு. மட்டத் தகட்டின் இன்றியமையாமையைப் பட்டறையில் நிலைநாட்டியவர் அவரே. ஆயினும் முறையைத் திருத்தி உலகறியச் செய்த பெருமை விட்வொர்த்தையே சாரும். 1840 ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் கூடிய பிரித்தானிய அறிவியல் கழகத்தின் பேரவையில், மெய்த்தளம் செய்யும் முறையை அவர் விளக்கிக் கட்டுரை படித்தார். தொழில் நுட்பத்தை மறைத்து வைத்துப் பொருள் ஈட்டியோர் பலர் வாழ்ந்த காலம் அது. விட்வொர்த் அதனை எல்லார்க்கும் பொதுவாக்கினார்.

மான்செஸ்டர் நகரில்

மாட்ஸ்லேயின் பட்டறையை விட்டு நீங்கியபின், விட்வொர்த் இலண்டனில் வேறு சில பட்டறைகளில் பணியாற்றினார். அவற்றுள் ஒன்று ஜோசப் கிளமென்ட் என்பாருடையது. சார்லஸ் பாபேஜ் என்னும் கணித அறிஞர் வகுத்த கணக்கிடும் பொறியின் உறுப்புகள் அங்கே செய்யப்பட்டு வந்தன. பல்லுருளைகள் பலவற்றை அளவு பிறழாமல் செய்தாலன்றி அப்பொறி இயங்காது. நுண்மையின் அருமையை அங்கும் விட்வொர்த் கண்டறிந்தார்.

1833 ஆம் ஆண்டில் அவர் மான்செஸ்டருக்குத் திரும்பி, வாடகை இடம் ஒன்றில் சிறு பட்டறை தொடங்கினார். தாம் இலண்டனிலிருந்து வந்த கருவி செய்வோர் என்று விளம்பரப் பலகை எழுதி வைத்தார். கடைசல் எந்திரம், துளைபோடும் எந்திரம், இரும்பை இழைக்கும் எந்திரம் முதலியவை அங்கே செய்யப்பட்டன. அவற்றின் நகரும் பாகங்கள் மெய்த்தளத்தை ஒட்டி அமைக்கப்பட்டமையால், அவை செய்த பொருள்களும் செம்மையாக அமைந்தன. ஒரு சதுர அடி வார்ப்பிரும்பை உளியாலும் அரத்தாலும் மட்டப்படுத்த முன்னர்ப் பன்னிரண்டு சில்லிங் கூலியாயிற்று. முப்பது ஆண்டுகளுக்குப் பின் இழைப்பு எந்திரத்தால் அவ்வேலை ஒரு பென்னிக்கும் குறைந்த கூலியில் முடிந்தது. இக்கணக்கை 1856 ஆம் ஆண்டில், பொறிவல்லுநர் கழகத்தின் தலைவராக நின்று விட்வொர்த்தே எடுத்துரைத்தார். செம்மை என்பது செல்வர்க்கே உரிய ஆடம்பரம் என்னும் கருத்தை இக்கணக்கு மாற்றியது.

மரைக்கு ஓர் ஒழுங்கு

அக்காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்குத் தோன்றியவாறு திருகாணிகளுக்கு மரை வெட்டி வந்தது. ஒரு பட்டறையில் செய்த போல்ட்டு மற்றொரு பட்டறையில் செய்த நட்டில் ஏறாது. பொறியில் ஒரு போல்ட்டு முறிந்தால், அப்பொறியைச் செய்த பட்டறையையே நாட வேண்டியிருந்தது. விட்வொர்த் நாடெங்கும் உள்ள பட்டறைகளிலிருந்து திருகாணிகளைத் திரட்டி அளந்தார். அவற்றின் நடுநிலையைக் கணக்கிட்டு, ஒவ்வொரு பருமனுக்கும் இத்தனை மரை என்று வரையறுத்தார். கால் அங்குலப் போல்ட்டுக்கு அங்குலத்திற்கு 20 மரைகள், அரை அங்குலத்திற்கு 12, ஓரங்குலத்திற்கு 8. மரையின் கோணம் எல்லாவற்றிற்கும் 55 பாகை. இத்திட்டத்தை 1841 ஆம் ஆண்டில் கட்டடப் பொறிவல்லுநர் கழகத்தின் முன் வைத்தார். புகைவண்டி நிறுவனங்களும் பட்டறைகளும் அதனை ஒவ்வொன்றாக ஏற்றன.

ஆங்கிலேயர் ஆட்சியில் நம் நாட்டிற்கு வந்த புகைவண்டிகளிலும் ஆலைப் பொறிகளிலும் விட்வொர்த்தின் மரையே இடம்பெற்றது. 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக மீட்டர் அளவை முறை நாட்டில் புகுந்தபின், மில்லிமீட்டர் அளவிலான மரைகள் வழக்கில் பரவின. எனினும் பழைய எந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறைகளில் பி.எஸ்.டபிள்யூ என்னும் எழுத்துகள் இன்றும் அறியாதன அல்ல. அவ்வெழுத்துகளுள் இறுதியிலுள்ளது விட்வொர்த்தின் பெயரைக் குறிப்பது.

பத்து இலட்சத்தில் ஒரு பங்கு

1851 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் உலகப் பெருங்கண்காட்சி நடைபெற்றது. விட்வொர்த் செய்த எந்திரங்கள் அங்கே பரிசுகள் பல பெற்றன. அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கை உணரவல்ல அவருடைய அளவைக் கருவி அறிஞரை வியப்பில் ஆழ்த்தியது. அதன் அமைப்பு எளிய பெருக்கல் கணக்கேயாகும். அங்குலத்திற்கு 20 மரையுள்ள திருகு ஒன்று. அதனைச் சுழற்றும் சக்கரத்தில் 200 பற்கள். அப்பற்களை ஒவ்வொன்றாக நகர்த்தும் மற்றொரு சக்கரத்தின் விளிம்பில் 250 பிரிவுகள். இருபதை இருநூறாலும், வந்ததை இருநூற்றைம்பதாலும் பெருக்கினால் பத்து இலட்சம் ஆகின்றது. ஆகவே, விளிம்பில் ஒரு பிரிவளவு நகர்த்தினால், திருகு அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே முன்செல்லும். கண்ணால் கோட்டைப் பார்த்து அளத்தலினும், தொட்டுணர்ந்து அளத்தலே நுண்ணியது என்பது விட்வொர்த்தின் கொள்கை. அக்கருவியும் தொடுகையையே அடிப்படையாகக் கொண்டது.

மரத்தொழிலும் மெய்த்தளமும்

1853 ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் நடைபெற இருந்த கண்காட்சியை முன்னிட்டு, ஆங்கில அரசினர் விட்வொர்த்தை அமெரிக்காவுக்கு அனுப்பினர். அங்குள்ள தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்து அவர் எழுதிய அறிக்கை 1854 இல் வெளிவந்தது. அவர் கருத்தைப் பெரிதும் கவர்ந்தவை மரவேலை எந்திரங்கள். கதவுகளும் பலகணிகளும் எந்திரத்தாலேயே அறுக்கப்பட்டு, இழைக்கப்பட்டு, துளையிடப்பட்டு விரைவில் முடிவதைக் கண்டு, அவற்றின் பயனை அவர் பாராட்டி எழுதினார். இரும்பில் தாம் கண்ட மெய்த்தள நெறியின் தேவை மரத்தொழிலிலும் உண்டு என்பதை, இக்காலத் தச்சுப் பட்டறைகளிலுள்ள இழைப்பு எந்திரத்தைக்கொண்டு நாம் அறியலாம்.

இவ்வெந்திரத்தில் ஒரே வரிசையில் இரண்டு இரும்பு மேடைகள் உள்ளன. அவற்றினிடையே கத்திகள் பொருத்திய உருளை ஒன்று மிகு விரைவாகச் சுழலும். முன்மேடை சீவப்படாத பலகையை ஏந்தும். பின்மேடை சீவப்பட்ட பகுதியை ஏந்தும். முன்மேடை பின்மேடையினும் சற்றுத் தாழ்ந்திருக்கும். அத்தாழ்வின் அளவே ஒரு முறையில் சீவப்படும் கனம். பின்மேடையோ, சுழலும் கத்தியின் உச்சிக்குச் சரியாக ஒத்து நிற்றல் வேண்டும். அது தாழ்ந்திருந்தால், பலகையின் கடைமுனை முன்மேடையை விட்டு நீங்கும்போது கீழே சாய்ந்து, கத்தியில் ஆழமாக வெட்டுண்ணும். உயர்ந்திருந்தால், பலகையின் முன்முனை மேடை விளிம்பில் முட்டும். அல்லது மேலேறிச் சீவல் வரவரக் குறைந்து, பலகை ஒருபுறம் அகன்றும் ஒருபுறம் குறுகியும் அமையும்.

இரண்டு மேடைகளும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்றலும் வேண்டும். அவற்றின் புறமுனைகள் தொங்கினால், நடுவிலுள்ள கத்தி மேடாகி, பலகையின் விளிம்பு நடுவில் குழியும். புறமுனைகள் உயர்ந்தால் விளிம்பு நடுவில் புடைக்கும். எந்திரத்தின் மேடு மரத்தில் பள்ளமாகவும், எந்திரத்தின் பள்ளம் மரத்தில் மேடாகவும் பதியும் என்று இதனைச் சுருங்கக் கூறலாம்.

ஆதலின், வல்ல தச்சர் மின்னிணைப்பை முற்றும் நீக்கியபின் எந்திரத்தைச் சோதிப்பார். நேர்மை தெரிந்த நீண்ட இரும்புக் கோல் ஒன்றைப் பின்மேடையின்மேல் வைத்து, கத்திக்கு மேலாக நீட்டி, உருளையைக் கையால் மெல்லத் திருப்புவார். ஒவ்வொரு கத்தியும் இருமுனைகளிலும் நடுவிலும் கோலை உரசியும் உரசாமலும் செல்லவேண்டும். அடுத்து, முன்மேடையைப் பின்மேடையின் உயரத்துக்கு ஏற்றி, கோலை இரண்டின்மீதும் கிடத்திப் பார்ப்பார். மெல்லிய தாள் எவ்விடத்தில் கோலின் அடியில் நுழைகின்றதோ, அவ்விடம் தாழ்ந்தது என்று அறிந்து மேடையைத் திருத்துவார். பலகையைச் சார்த்தும் செங்குத்துத் தகடு மேடைக்குச் செங்கோணமாக உள்ளதா என்பதை மூலைமட்டத்தால் காண்பார்.

இவை முடிந்தபின், இரண்டு பலகைகளின் விளிம்புகளை எந்திரத்தில் இழைத்து, தகட்டைச் சார்ந்திருந்த முகங்கள் இரண்டும் ஒரே பக்கம் நோக்குமாறு ஒன்றன்மேல் ஒன்றை நிறுத்துவார். நடுவில் ஒளி தெரிந்தால் மேடைகளில் குற்றம் உண்டு. மேற்பலகை ஒருபக்கம் சாய்ந்தால் தகட்டின் கோணத்தில் குற்றம் உண்டு. இரண்டு குற்றங்களும் இங்கு இருமடங்காகத் தோன்றுமாதலின் தப்பா. எந்திரம் சரியென்று எந்திரமே கூறாது. அது செய்த பொருளை ஒன்றோடொன்று ஒப்பிட்டே அறிதல் வேண்டும்.

இச்சோதனை ஒருமுறை செய்து விடத்தக்கதன்று. நம் கரிசல் மண் மழையில் நீரை ஏற்றுப் பொதுமும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துச் சுருங்கும். அத்தகைய நிலத்தில் ஆழ்ந்த அடித்தளமின்றி நிறுத்திய எந்திரம், தரை அசைய உடன் அசைந்து முறுக்குண்ணும். கத்தியும் நாளடைவில் தேயும். சித்திரையில் நேராயிருந்த எந்திரம் ஐப்பசி மழைக்குப் பின்னும் நேராகவே இருக்கும் என்று நம்பியிருத்தல் தகாது. விட்வொர்த்தின் பட்டறை கற்பித்த பாடமும் இதுவே: நேற்றைய செம்மை இன்றைக்குச் சான்றாகாது.

படைக்கலமும் பட்டமும்

கிரிமியப் போர் நிகழ்ந்த காலத்தில், ஆங்கில அரசினர் துப்பாக்கித் தொழிலைச் சீர்திருத்த விட்வொர்த்தின் துணையை நாடினர். அவர் ஆறு பட்டையுள்ள துளையோடு கூடிய துப்பாக்கி ஒன்றை வகுத்தார். 1857 ஆம் ஆண்டுச் சோதனைகளில் அது படையினர் கையாண்ட துப்பாக்கியை எளிதில் வென்றது. ஆயினும் படைத்துறையினர் அதனை ஏற்றிலர். 1860 இல் விம்பிள்டனில் நடைபெற்ற குறிபார்க்கும் விழாவைத் தொடங்கிய விக்டோரியா அரசியார், தாங்கியில் பொருத்திய அவருடைய துப்பாக்கியால் 400 கெச தூரத்திலிருந்த இலக்கின் நடுவட்டத்தைச் சுட்டார். நுண்மை ஆக்கத்திற்கும் உதவும், அழிவுக்கும் உதவும். விட்வொர்த்தின் பணிகளுள் காலத்தை வென்று நிற்பவை துப்பாக்கியும் பீரங்கியும் அல்ல. மெய்த்தளமும் மரையும் அளவையுமே.

1857 இல் இராயல் சங்கத்தின் உறுப்பினர் என்னும் சிறப்பும், 1869 இல் பாரனெட் என்னும் பட்டமும் அவரை அடைந்தன.

கொடையும் மறைவும்

கல்லூரி வாயிலை மிதியாத விட்வொர்த், பிறர் கற்பதற்குப் பெரும்பொருள் வழங்கினார். ஆண்டுக்கு 100 பவுன் பெறுமானமுள்ள முப்பது உதவித்தொகைகளை 1868 ஆம் ஆண்டில் நிறுவினார். அவற்றைப் பெற விரும்பும் இளைஞர், கணக்கிலும் அறிவியலிலும் தேறினால் மட்டும் போதாது. கருவிகளைக் கையாளும் திறத்திலும் தேறுதல் வேண்டும். ஏட்டறிவும் கைத்தொழிலும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. அவ்வுதவித்தொகை இன்றும் அவர் பெயரால் வழங்கப்பட்டு வருகின்றது.

முதுமையில் உடல்நலம் குன்றிய விட்வொர்த், குளிர்காலத்தைத் தென்பிரான்சை ஒட்டிய மான்டி கார்லோவில் கழித்து வந்தார். அங்கேயே 1887 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 22 ஆம் நாள் மறைந்தார். அவருடைய உடல் டார்பிஷயரில் அவர் வாழ்ந்த டார்லி டேல் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டது. அவருக்கு மக்கட்பேறு இல்லை. அவர் விட்டுச் சென்ற செல்வத்தின் பெரும்பகுதி பொதுநலத்திற்கே பயன்பட்டது. மான்செஸ்டர் நகரிலுள்ள விட்வொர்த் பூங்காவும் ஓவியக்கூடமும் அவர் பெயரை நினைவூட்டுகின்றன.

முடிவுரை

விட்வொர்த்தின் வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. குற்றமற்ற ஆசானும் குற்றமற்ற கருவியும் கிடைத்த பின்னரே நற்செயல் தொடங்குவோம் என்று காத்திருப்போர், ஒருகாலும் தொடங்கார். மூன்று தகடுகளும் தொடக்கத்தில் குற்றமுடையனவே. ஒன்று மற்றொன்றின் குற்றத்தைக் காட்டியது. காட்டிய குற்றத்தை மறைக்காமல், சிறிது சிறிதாகச் சுரண்டி நீக்கியதால் மூன்றும் மெய்யாயின. தன்னோடு ஒத்துப்போகும் ஒருவரை மட்டும் கேட்டு, தான் சரியென்று முடிவு செய்தல், இரண்டு தகடுகளோடு நின்றுவிடுவதாகும். மாறுபடும் மூன்றாமவரையும் நாடி, அவர் காட்டும் பிழையை ஏற்றுத் திருந்துதலே மெய்காணும் வழி. கையில் கருவி ஏந்தும் தொழிலாளிக்கும் கையில் ஏடு ஏந்தும் மாணவர்க்கும் இந்நெறி ஒன்றேயாம்.